பூட்டிய நாட்டின் பந்தாட்டம்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள் இரவு, கரிபியன் கடலிலே கியூறசோ என்னுஞ் சிறு தீவின் தலைநகராகிய வில்லெம்ஸ்டாட்டில், ஹெயிட்டி நாட்டு உதைபந்தாட்ட அணி நிக்கரகுவா அணியை இரண்டுக்குப் பூச்சியம் என்னுங் கணக்கில் வென்றது. லூயிசியுஸ் டீட்சன் ஒரு கோலும் றூபன் பிறொவிடன்ஸ் ஒரு கோலும் அடித்தனர். 1974ஆம் ஆண்டுக்குப் பின் முதன் முறையாக உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் ஆடும் தகுதி அந்நாட்டுக்குக் கிட்டியது. உலகப் பத்திரிகைகள் யாவும் இதனை ஓர் அற்புதமென வருணித்தன. அம்மகிழ்ச்சியிற் குறை காண்பது என் கருத்தன்று. ஆயினும் போட்டி அட்டவணையை நுணுகி நோக்கிய ஒருவருக்கு ஓர் ஐயம் எழாமலிராது. அவ்வாட்டம் ஹெயிட்டியின் சொந்த மண்ணாட்டமென்று குறிக்கப்பட்டிருந்தது. சொந்த மண் எங்கே? கடலுக்கு அப்பாலன்றோ இருந்தது!

நாளின் பொருத்தம் வேறு. 1803ஆம் ஆண்டு இதே நவம்பர் 18இல், வடகரையிலுள்ள கப்-ஹெயிசியன் நகருக்கு அயலேயிருந்த வெர்த்தியேர் என்னுமிடத்தில், அடிமைகளாயிருந்த மக்களின் படை டெசலின் என்னுந் தளபதியின் தலைமையில் நெப்போலியனின் படையை முறியடித்தது. ஆறு வாரங்களின் பின், 1804 சனவரி முதல் நாளில், ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று. அடிமைகள் தாமே தளையறுத்து நாடொன்றை நிறுவி நிலைக்கச் செய்த வரலாறு அஃதொன்றே. அவ்வெற்றிக்கும் அவர்கள் விலை கொடுத்தார்கள். 1825இல் பிரான்சு நாட்டு மன்னர் பத்தாம் சார்ள்ஸ், தம் குடிமக்கள் இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்குமாக 150 மில்லியன் பிராங்கு நட்டஈடு கேட்டு, போர்க்கப்பல்களையும் உடனனுப்பினார். பின்னர் அது 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. எனினும் கடன்மேற் கடன்பட்டு அதனைக் கொடுத்துத் தீர்க்கத் தலைமுறைகள் பல சென்றன. விடுதலை பெற்றவன் விடுவித்தவனுக்கன்றி, அடிமைப்படுத்தியவனுக்கே கடனாளியான விந்தை இது.

உலகக் கிண்ணச் செய்தி வந்த சில நாட்களின் பின், என்னிடம் நன்னூல் பாடங் கேட்கும் மாணவனொருவன், வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்று, "ஐயா, ஹெயிட்டியிலே லீக் ஆட்டமே ஒழுங்காக நடப்பதில்லையாமே. அப்படியானால் அணி எங்கேயிருந்து வந்தது?" என்று வினவினான். யான் பந்தை உதைத்தவனல்லன். உதைப்போரைக் கரையில் நின்று பார்த்தவன். ஆயினும் அவன் வினா எழுவாயில்லாமற் பயனிலை எப்படி வந்தது என்று கேட்பதுபோலவே எனக்குத் தோன்றியது. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியதே.

உதைபந்தாட்டத்தில் நாட்டின் அணி என்பது கோபுரத்துக் கலசம் போன்றது. கீழேயுள்ள கட்டடம் லீக் எனப்படும் தொடர்போட்டி. ஆண்டுதோறும் கழகங்கள் ஊர் ஊராகச் சென்று ஒன்றோடொன்று ஆடும். முதற்பிரிவில் மேலோங்கியது சம்பியனாகும். கடையிற் கிடந்தது கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். ஹெயிட்டியில் 1937ஆம் ஆண்டளவிலேயே தேசியச் சம்பியன் பட்டத்துக்கான போட்டி தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் இலத்தீன் அமெரிக்க முறையைத் தழுவி, ஆண்டினை இரண்டாகப் பகுத்து, 'திறப்பு' என்றும் 'அடைப்பு' என்றும் இரு பருவங்கள் நடத்தினர். பருவத்துக்கொரு சம்பியன். திறப்பும் அடைப்பும் என்ற இப்பெயர்கள் பின்னால் எத்துணைப் பொருத்தமாயின என்பதை மேலே காண்போம்.

கழகங்களோ லீக்கிலும் முந்தியவை. தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸில் வியோலெற் கழகம் 1918இலும், ரேசிங் கழகம் 1923இலும் தோன்றின. இவ்வாண்டுகள் கருதத்தக்கவை. 1915 முதல் 1934 வரை ஹெயிட்டி அமெரிக்கக் கடற்படையினரின் ஆட்சியிலிருந்தது. அந்நியர் காவல் நின்ற தெருக்களின் நடுவே, உள்ளூர் இளைஞர் கூடித் தமக்கென ஒரு கழகம் அமைத்து, அதற்கொரு நிறமும் பெயருங் கொடுத்தனர். அரசு தமதல்லாத காலத்திலே தமக்கென ஒரு சபையேனும் வேண்டுமென்று மக்கள் விரும்புவது இயற்கை. அச்சபை சில நாட்டில் வாசகசாலையாகிறது. சில நாட்டிற் பந்தாட்டக் கழகமாகிறது.

அக்காலத்தவர் சில்வியோ கத்தோர். நீளம் பாய்தலில் 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்று, அதே ஆண்டு செப்டெம்பரில் பாரிசுக்கு அயலேயுள்ள கொலோம்ப் அரங்கில் 7.93 மீற்றர் பாய்ந்து உலக சாதனை நிறுவியவர். அவர் ரேசிங் கழகத்தின் பந்தாட்ட வீரருமாவார். பின்னாளில் தலைநகரின் மேயராகவும் இருந்தார். தலைநகரின் பெரிய விளையாட்டரங்குக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இவ்வரங்கின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

இன்னொருவர் ஜோ கேட்ஜன்ஸ். எத்துவால் கழகத்துக்காக ஹெயிட்டி லீக்கில் ஆடி, 1942இலும் 1944இலும் சம்பியன் பட்டம் வென்றவர். கணக்கியல் படிக்க நியூயோர்க் சென்றார். உணவுச்சாலையிற் பாத்திரங் கழுவிக்கொண்டே அங்குள்ள கழகமொன்றில் ஆடினார். 1950 ஜூன் 29இல், பிரேசிலின் பெலோ ஒரிசொந்தே நகரில், உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்க அணி இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூச்சியமாக வென்றதே, அந்த ஒரு கோலைத் தலையால் முட்டி அடித்தவர் இவர். உதைபந்தாட்டத்தைப் பெற்ற நாடு, அதனை அரிச்சுவடியளவிலேயே அறிந்ததென்று கருதப்பட்ட நாட்டிடம் தோற்றது. பிரான்சிலும் சிலகாலம் ஆடிவிட்டுத் தாய்நாடு திரும்பிச் சலவைத் தொழில் நடத்தி வந்தார். அரசியலில் அவர் ஈடுபடவில்லை. அவருடைய சகோதரர் சிலர் ஈடுபட்டனர். 1964ஆம் ஆண்டு பிரான்சுவா டுவாலியே தம்மை ஆயுட்கால அதிபராக அறிவித்துக்கொண்டார். அதனையடுத்து, ஜூலை 8ஆம் நாள், அவரது இரகசியப் படையினர் கேட்ஜன்ஸைப் பிடித்துச் சென்றனர். அதன்பின் அவரைக் கண்டவரில்லை, உடலும் கிடைத்ததில்லை. ஒரு நாட்டின் லீக் வளர்த்த மிகப் பெயர்பெற்ற வீரனுக்கு அந்நாட்டில் ஒரு கல்லறையுமில்லை. பந்தாட்ட வரலாறு எழுதுவோர் இதனை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகின்றனர். யான் அதனை அடிக்குறிப்பென எண்ணவில்லை.

இனி 1974. அப்பொழுது உலகக் கிண்ணத்தில் இடம் பதினாறே. வட, மத்திய அமெரிக்காவும் கரிபியனும் சேர்ந்த பெரும் பிரதேசத்துக்கு ஒதுக்கப்பட்டது ஓரிடமே. அவ்வோரிடத்துக்கான சுற்றுப்போட்டி முழுவதும் 1973 இறுதியில் போர்ட்-ஓ-பிரின்ஸிலேயே நடைபெற்றது. மெக்சிக்கோவைப் பின்தள்ளி ஹெயிட்டி வென்றது. வென்ற அணியினருட் பெரும்பாலார் உள்நாட்டு லீக்கில் வியோலெற், ரேசிங், டொன் பொஸ்கோ முதலிய கழகங்களுக்கு ஆடிவந்தவர். ஜேர்மனியில், மியூனிக் நகரில், இத்தாலிக்கெதிராக எம்மானுவேல் சனோன் அடித்த கோல் பழையவர் பலருக்கு நினைவிருக்கும். 1,140 நிமிடங்களுக்கு மேலாகச் சர்வதேச ஆட்டங்களில் ஒரு கோலும் விடாதிருந்த டீனோ சொவ்வைத் தாண்டிச் சென்ற பந்து அது. சனோன் பெத்தியோன்வில்லிலுள்ள டொன் பொஸ்கோ கழகத்தில் வளர்ந்த பிள்ளை. இத்தாலி மூன்று கோல்கள் அடித்து வென்றுவிட்டது. போலந்து ஏழும் ஆஜெந்தீனா நான்கும் அடித்தன. எனினும் அந்த ஒரு கோலை உலகம் மறக்கவில்லை.

பழமையென்று சொல்லி இதனைப் பொற்காலமாக்கிவிடுவதும் தவறு. 1973இல் திரினிடாட் அணிக்கெதிரான ஆட்டத்தில், அவ்வணி அடித்த கோல்கள் பலவற்றை மத்தியஸ்தர் மறுத்தார்; அம்மத்தியஸ்தர் பின்னர் தடைசெய்யப்பட்டார். டுவாலியே குடும்பம் விளையாட்டைத் தன் புகழுக்கு விளக்காக ஏற்றி வைத்திருந்தது. மியூனிக்கில் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்ட வீரனொருவனை அந்நாட்டு அதிகாரிகளே அடித்து இழுத்துச் சென்று நாட்டுக்கு அனுப்பினர். ஆதலின் அன்று எல்லாம் செம்மையாயிருந்ததென்று சொல்ல யான் முன்வரவில்லை. சொல்வது ஒன்றே: அன்று அணி மண்ணில் முளைத்தது.

கழகங்களின் புகழிலும் ஒரு சிறு நகைச்சுவை உண்டு. வட, மத்திய அமெரிக்கப் பிரதேசத்துச் சம்பியன் கழகமென்ற பட்டம் ஹெயிட்டிக்கு இருமுறை கிடைத்திருக்கிறது. 1963இல் ரேசிங், 1984இல் வியோலெற். இரண்டு முறையும் இறுதியாட்டம் நடைபெறாமலே வந்த பட்டம்! வென்றவரைக் குறை சொல்வதெப்படி? வந்து நின்றவர் அவர்களே.

2010 சனவரி 12ஆம் நாள் நிலநடுக்கம் வந்தது. அரசின் கணக்குப்படி மாண்டோர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைமைக் கட்டடம் இடிந்து வீழ்ந்து, உள்ளே இருந்த பயிற்றுநர், அலுவலர் எனச் சம்மேளனத்தைச் சார்ந்தோர் முப்பது பேரளவில் இறந்தனர். சில்வியோ கத்தோர் அரங்கின் தரையில் வீடிழந்தோரின் கூடாரங்கள் நின்றன. இடம்பெயர்ந்தோர் என்ற சொல்லை நம் வாசகருக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. ஆயினும் கூடாரங்கள் அகன்றபின் லீக் மீண்டும் தொடங்கியது. நிலம் பிளந்தும் ஒழியாத லீக் பின்னர் எதனால் ஒழிந்தது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

என் விடை: வீதிகளால் ஒழிந்தது. லீக் என்பது பந்தும் வீரரும் மட்டுமன்று, அது வீதிகளாலானது. வாரந்தோறும் ஒரு பேருந்து நிறைய இளைஞர் ஓரூரிலிருந்து இன்னோரூருக்குப் போய்த் திரும்பக் கூடுமாயின் அங்கே லீக் உண்டு, கூடாதாயின் இல்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் விலையேற்றத்துக்கும் ஊழலுக்கும் எதிராகக் கிளர்ச்சி எழுந்து வீதிகள் மறிக்கப்பட்டன. அந்நிலையை மக்கள் தம் கிரியோல் மொழியில் 'பேயி லொக்' என்றனர். பூட்டிய நாடு என்பது பொருள். 'பேயி' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். எசமானின் மொழியை அடிமைகள் தம் நாவுக்கேற்ப உருக்கி வார்த்த அக்கிரியோல் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பினால் அரச மொழியுமாயிற்று என்பதை மொழியன்பர் அறிந்திருத்தல் நன்று. பூட்டிய நாட்டில் 2019ஆம் ஆண்டின் 'அடைப்பு'ப் பருவம் முடிவு காணாமலே நின்றுபோயிற்று. அவ்வாண்டில் அடைப்பு உண்மையாகவே அடைப்பாயிற்று.

2020இல் கொரோனா நோய். அவ்வாண்டின் இறுதியில், சம்மேளனத் தலைமைமீது எழுந்த கடுங் குற்றச்சாட்டுகளின் நடுவே, பீபா தானே ஒரு சீரமைப்புக் குழுவை நியமித்தது. 2021 ஜூலை 7ஆம் நாள் அதிபர் ஜொவனெல் மொயிஸ் தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே, தலைநகரின் தென்வாயிலாகிய மார்ட்டிசான் பகுதியை ஆயுதக் குழுக்கள் பிடித்துக்கொண்டன. நாட்டின் படத்தை விரித்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தெற்கே லெ-கே நகரத்துக் கழகங்களும், லெயோகானிலுள்ள கவாலிக் கழகமும் தலைநகருக்கோ வடக்குக்கோ தரைவழி செல்வதானால் மார்ட்டிசானைக் கடந்தே ஆக வேண்டும். வடக்கு வீதியிலும் ஆயுதக் குழுக்களின் தடைகளே. சென்-மார்க், ஆர்க்கஹே ஆகிய ஊர்க் கழகங்கள் அவ்வழியில் உள்ளவை. 2024 ஒக்டோபரில் படுகொலை நிகழ்ந்த போன்-சொந்தே சென்-மார்க்குக்கு மிக அணித்தானது. முதற்பிரிவுக் கழகமொன்றைக் கொண்ட மிரபலே நகரம் 2025 மார்ச் இறுதியில் தாக்கப்பட்டு, அங்குள்ள சிறை உடைக்கப்பட்டது. (பெண்கள் உதைபந்தாட்டத்திற் புகழ்பெற்ற மெல்ச்சி டுமோர்னே பிறந்த ஊர் அதுவே.) லீக்கின் அட்டவணையை ஒரு கையிலும் இவ்வீதிகளின் பட்டியலை மறு கையிலும் வைத்து நோக்குவோர்க்கு வேறு விளக்கம் வேண்டா.

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் தலைநகரின் பெருஞ்சிறையை உடைத்து ஆயிரக்கணக்கான கைதிகளை வெளியேற்றிய அந்நாட்களிலேயே, ஆயுதக் குழுவினர் சில்வியோ கத்தோர் அரங்கினுள்ளும் புகுந்தனர். அண்மையிலேயே புதுப்பிக்கப்பட்ட அரங்கு அது. அங்கிருந்த பணியாளரொருவரைச் சில மணிநேரம் பிணையாகவும் வைத்திருந்தனர். நாட்டு அணி தாய்மண்ணில் ஆடுவது 2021இலேயே நின்றுவிட்டது. அதே 2024 நவம்பரில், தலைநகர் விமான நிலையத்தில் இறங்க வந்த அமெரிக்க விமானமொன்றைத் துப்பாக்கிக் குண்டுகள் தாக்கின. அமெரிக்க விமானங்கள் அந்நகருக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டில் மட்டும் வன்முறையால் இறந்தோர் 5,600க்கு மேலென்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. 2025இல் இடம்பெயர்ந்தோர் தொகை பதினான்கு இலட்சத்தை எட்டியது.

இத்தகைய நிலையிலும் கழகங்கள் என்ன செய்தன என்று கேட்கலாம். இரு நிகழ்ச்சிகளைச் சொல்வேன். 2022இல் கவாலிக் கழகம் பிரதேசச் சம்பியன்கள் கிண்ணத்தில் அமெரிக்கக் கழகமொன்றுடன் ஆடத் தகுதி பெற்றிருந்தது. வீரருக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. கழகம் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. ஒரு பந்தும் உருளாமல் எதிர்க்கழகம் அடுத்த சுற்றுக்குச் சென்றது. 1963இலும் 1984இலும் இறுதியாட்டம் ஆடாமலே வென்றவர்கள், 2022இல் தாம் போக இயலாமையால் தோற்றார்கள். ஊழ் தன் கணக்கைத் தீர்க்கும் முறை இப்படியும் இருக்கின்றது.

அடுத்த ஆண்டு வியோலெற். 2022 மே மாதத்தில் கரிபியன் கழகச் சம்பியன் பட்டத்தை வென்ற இக்கழகம், உள்நாட்டில் லீக் முடங்கிக் கிடந்தமையால், பல மாதங்களாக ஒழுங்கான போட்டியொன்றும் ஆடாமலிருந்தது. 2023 மார்ச் 7ஆம் நாள், டொமினிக்கன் குடியரசின் சந்தியாகோ நகரைத் தற்காலிகத் தாய்மண்ணாகக் கொண்டு, அமெரிக்காவின் ஒஸ்ரின் கழகத்தை எதிர்த்தது. ஒஸ்ரின் முந்திய ஆண்டிலே தன் மண்டலத்து இறுதியாட்டம் வரை சென்ற செல்வக் கழகம். ஆட்டமுடிவு மூன்றுக்குப் பூச்சியம், வென்றது வியோலெற்! ஒரு வாரத்தின் பின் ஒஸ்ரினில் நடந்த மறு ஆட்டத்தில் இரண்டு கோல்களால் தோற்றும், மொத்தக் கணக்கில் மூன்றுக்கு இரண்டாக முன்னேறியது. அடுத்த சுற்றில் மெக்சிக்கோவின் லெயோன் கழகத்திடம் தோற்றது. அந்த லெயோனே அவ்வாண்டின் சம்பியனுமாயிற்று. பயிற்சியுமில்லாமல், லீக்குமில்லாமல் இவ்வெற்றி எவ்வாறு வந்ததென்று பத்திரிகையாளர் வியந்தனர். வியப்பதற்குரியதே. ஆனால் அவ்வீரர் லீக்கில்லாத காலத்திற் பிறந்தவரல்லர். லீக் நடந்த காலத்தில் அதில் அடிபட்டு உருவானவர். அணைந்த அடுப்பின் சூட்டில் ஒருநேரச் சோறு வெந்தது. நாளைக்கு எந்தச் சூட்டில் வேகும்?

இப்பொழுது மாணவனின் வினாவுக்கு நேர்விடை கூறலாம். 2025ஆம் ஆண்டின் அணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிரான்சிலும் வட அமெரிக்காவிலும் குடியேறிய ஹெயிட்டியரின் மக்களும் பேரரும், இளமையிலே நாட்டை விட்டு வெளிநாட்டுக் கழகங்களிற் சேர்ந்தோரும் அதில் இருந்தனர். கொஸ்தா றிக்காவில் நடந்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்துத் தோல்வியைச் சமநிலையாக்கிய டக்கன்ஸ் நசோன் பிரான்சிற் பிறந்தவர். பிரான்சின் இளையோர் அணிகளில் ஆடிவிட்டு 2025இல் ஹெயிட்டியைத் தேர்ந்தெடுத்த பெல்கார்ட் பிறந்த ஊர் கொலோம்ப். ஆம், 1928இல் சில்வியோ கத்தோர் உலகிலேயே நீளமாகப் பாய்ந்த அதே கொலோம்ப். பயிற்றுநராகிய பிரெஞ்சுக்காரர் செபஸ்தியன் மின்யே, தகுதி பெற்ற அந்நாள் வரை ஹெயிட்டி மண்ணில் கால் வைத்தவரல்லர், வைக்க வழியுமில்லை. தமிழிலே பந்து என்னுஞ் சொல்லுக்குச் சுற்றம் என்றும் ஒரு பொருளுண்டு. இவ்வணியைச் சேர்த்தது எந்தப் பந்து என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்லவேண்டும்.

உண்மையை மறைத்தல் கூடாது. இம்முறை வழியும் சற்று அகலமாயிருந்தது. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு அணிகள் நாற்பத்தெட்டாக உயர்த்தப்பட்டன. பிரதேசத்தின் பெரிய மூவராகிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகியவை விருந்தேற்கும் நாடுகளாதலின் தகுதிச் சுற்றில் ஆடவில்லை. எனினும் கொஸ்தா றிக்காவையும் ஹொண்டுராசையும் பின்தள்ளி, ஆறு ஆட்டங்களில் பதினொரு புள்ளிகளோடு முதலிடம் பெறுவது எளிதன்று. அதுவும் ஓராட்டமேனும் தாய்மண்ணில் ஆடாமல். அதே இரவில், அந்த விளையாட்டரங்கைக் கொடுத்துதவிய கியூறசோவும், யமெய்க்காவிற் சமநிலை கண்டு தகுதி பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்களே வாழும் அத்தீவின் அணியினரும் பெரும்பாலும் நெதர்லாந்திற் பிறந்தவரே.

இதனைக் கண்டு சிலர் ஒரு புதுக் கொள்கை பேசுகின்றனர்: புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் இருக்க, உள்நாட்டு லீக் எதற்கு? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறர் செலவில் வளர்ந்த வீரர் கிடைக்கும்போது ஏழை நாடு தன் பொருளைச் செலவிடுவானேன்? கேட்பதற்குச் சிக்கனமான வாதம். யான் இதனை ஒப்பவில்லை. முதலாவது, பேரன் வருவான். பேரனின் பேரன் வருவானென்பதற்கு உறுதியென்ன? குடியேறிய நாட்டில் மூன்றாந் தலைமுறை தாத்தாவின் ஊர்ப்பெயரை மறப்பது உலக வழக்கம். இரண்டாவது காரணம் பெரிது. லீக் என்பது நாட்டின் அணிக்கு ஆள் சேர்க்கும் கருவி மட்டுமன்று. சென்-மார்க்கில் உள்ள பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மாலை. அவன் அண்ணன் ஆடும் கழகம். அவன் ஏற நினைக்கும் ஓர் ஏணி. அவ்வேணியை எடுத்துவிட்டால் அவனுக்கு வேறு ஏணி வைத்துக் காத்திருப்போர் உளர். ஹெயிட்டியின் ஆயுதக் குழுக்களில் உள்ளோரிற் பாதியளவு சிறுவராயிருக்கலாமென்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் மதிப்பிட்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டில் அவ்வாறு சேர்க்கப்பட்டோர் தொகை எழுபது வீதம் கூடியதென்றும் அறிவித்தது. அக்குழுக்களும் நிறமுள்ள கழகங்களைப் போலவே பெயரும் தலைவனும் ஊதியமும் உடையவை. பையனுக்கு ஓர் அணி வேண்டும். எந்த அணி என்பதே வினா.

வீதி திறந்தாலன்றி லீக் இல்லையே என்பர். முழு நாட்டையும் இணைத்த லீக் இல்லை, அது மெய். ஆனால் பூட்டப்பட்டது பெரும்பாலும் தலைநகரும் அதன் வாயில்களும், ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும். வடக்கே கப்-ஹெயிசியன் வட்டாரமும், தெற்கே லெ-கே வட்டாரமும் அவ்வளவுக்குப் பூட்டப்படவில்லை. வடக்கிற்கொன்று, தெற்கிற்கொன்று என இரு வட்டார லீக்குகளைத் தனித்தனி நடத்தி, இரு சம்பியன்களை மட்டும் ஆண்டுக்கொருமுறை விமானமேற்றி ஓரிடத்தில் ஆடச்செய்வது இயலாத காரியமன்று. கப்-ஹெயிசியனில் சென்-விக்தோர் மைதானம் இருக்கிறது. அங்கே விமான நிலையமும் உண்டு. தலைநகர்க் கழகங்கள் இவ்வட்டாரங்களில் ஒன்றில் விருந்தாளிகளாகத் தங்கி ஆடலாம். மத்தியஸ்தருக்கும் வீரருக்கும் மாதந்தோறும் ஊதியம், புற்றரைக்கு ஒரு பராமரிப்பாளர், சிறுவர் பிரிவுக்கு ஒரு பயிற்றுநர். செலவுப் பட்டியல் நீண்டதன்று.

பணம் எங்கேயென்றால், அதற்கும் விடையுண்டு. 2026ஆம் ஆண்டுப் போட்டியிற் பங்குபற்றும் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது ஒரு கோடியே ஐந்து இலட்சம் அமெரிக்க டொலர் கிடைக்குமென்று பீபா 2025 டிசெம்பரில் அறிவித்தது. எல்லா ஆட்டங்களிலுந் தோற்ற அணிக்கும் உரிய தொகை அது. அம்மாதம் நடந்த குலுக்கலில் ஹெயிட்டி பிரேசில், மொறொக்கோ, ஸ்கொத்லாந்து ஆகியவற்றோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்கா பிறப்பித்த பயணத் தடையில் ஹெயிட்டியரும் அடங்கினர், வீரருக்கும் பயிற்றுநருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது, பார்வையாளருக்கு அளிக்கப்படவில்லை. ஆக, ஆடப்போவோர் பெரும்பாலும் வெளிநாட்டில் வளர்ந்தோர், பார்க்கப்போவோர் வெளிநாட்டில் வாழ்வோர் என்றாயிற்று. ஹெயிட்டிக்குள் இருப்போர்க்கு இவ்வுலகக் கிண்ணத்தாற் கையில் வரக்கூடிய பொருள் அப்பணமொன்றே. அதில் எத்தனை பங்கு வீரருக்கு, எத்தனை அலுவலகத்துக்கு, எத்தனை கப்-ஹெயிசியன், லெ-கே, சென்-மார்க் ஆகிய ஊர்களின் மைதானங்களுக்கு என்பதைச் சம்மேளனம் வரியிட்டு எழுதி வெளியிடவேண்டும். கோல்களின் கணக்கை உலகம் முழுவதும் எழுதிக்கொள்ளும். இந்தக் கணக்கைக் கேட்போர் மிகச் சிலரே. அச்சிலருள் என் மாணவனும் ஒருவன். மறுவாரம் அவன் ஹெயிட்டியின் படமொன்றைத் தானே வரைந்து, வீதிகளைச் சிவப்பு மையால் குறித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.